பதினேழாம் இருக்கையின் மூச்சு

காலை ஐந்தே முக்காலுக்கு எழுகிறேன். மோட்டார் போடுகிறேன். பல் துலக்கிக்கொண்டே போனில் பள்ளிக்கூடத்துக் காற்றைப் பார்க்கிறேன். அந்த நேரத்தில் ஏழு வகுப்பறைகளும் சுழியம் காட்டும். தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டதும் மோட்டாரை நிறுத்துகிறேன். கடை மாவில் மூன்று தோசை. இரண்டைச் சாப்பிட்டுவிட்டு ஒன்றை டப்பாவில் போட்டுக்கொள்கிறேன். மதியம் அதைத் திறப்பதில்லை. மறுநாள் காலை எதிர்வீட்டு நாய்க்கு அதைப் போட்டுவிட்டு டப்பாவைக் கழுவுகிறேன். ஏழேகாலுக்கு வீட்டைப் பூட்டுகிறேன். ஏழே முக்காலுக்குப் பள்ளியில் இருக்கிறேன்.

சுழியம் என்றால் அந்த அறையில் இருக்கும் காற்று இன்னும் யாருடைய நெஞ்சுக்குள்ளும் போய்வரவில்லை என்று பொருள். ஒன்பது மணிக்கு மேல் எண் ஏறும். ஒன்று என்று காட்டினால், அங்கே உட்கார்ந்திருப்பவர் இழுக்கும் நூறு மூச்சில் ஒரு மூச்சு வேறு யாரோ விட்டது. ஒன்றைத் தாண்டினால் மேல் ஜன்னல்கள் தாமாகத் திறக்கும். ஒன்றரையைத் தாண்டினால் டிங் என்று மணி அடிக்கும். பாடத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் மைதானத்துக்குப் போக வேண்டும். இதைப் புரிந்துகொள்ளப் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் கணக்குப் பீரியடில் ஒரு வகுப்பே ஒன்றாகச் சேர்ந்து ஒரே நேரத்தில் நாய் மாதிரி மூச்சு வாங்கினார்கள்.

மயிலம்வலசு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்கு இந்தப் பெட்டிகள் வந்து மூன்று வருடம் ஆகிறது. அரசாணையில் இதன் பெயர் இரண்டு வரி நீளம். சுவரில் பீரோ அளவுக்கு ஒரு பெட்டி, அதன் முகத்தில் இரண்டு கறுப்பு ஓட்டை. பிள்ளைகள் முதல் நாளே மூக்கன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு இருக்கைக்கும் எதிரே பெஞ்சின் விளிம்பில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு துளை இருக்கும். அங்கே உட்காரும் பிள்ளை விடும் மூச்சை அது இழுத்துக்கொள்ளும். உள்ளே இருக்கைக்கு ஒன்றாகத் தாள் நாடா பீரியடுக்குப் பீரியட் நகரும். மூச்சோடு வரும் கிருமி அதில் ஒட்டிக்கொள்ளும். காற்று சுத்தமாகி மேலே போகும்.

இந்த ஒன்றியத்தில் இப்படி ஒன்பது பள்ளிகள் என் பொறுப்பு. பிள்ளைகள் என்னை மூக்கன் சார் என்கிறார்கள். துளைகளைச் சுத்தம் செய்யும்போது பென்சில் சீவல், புளியங்கொட்டை, மென்று துப்பிய சூயிங்கம் எல்லாம் கிடைக்கும். ஒரு முறை ஒரு கடிதம் கிடைத்தது. மூக்கனுக்கு எழுதியிருந்தது. நாளைக்கு லீவு விட்டால் பத்து நாளைக்குச் சூயிங்கம் ஒட்டமாட்டேன் என்று ஒப்பந்தம்.

பெட்டி வேலை செய்கிறது. மழைக்காலத்தில் வருகைப் பதிவேட்டில் விழும் வெற்றிடம் பாதியாகக் குறைந்தது. சளி, காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் கிடந்த காலம் போனதில் பிள்ளைகளுக்கு மூக்கன் மேல் வருத்தம் உண்டு. பெரியவர்களுக்கு வேறு வருத்தங்கள் வந்தன. முதல் வருடம் ஒரு தகப்பனார் கார் எடுத்துக்கொண்டு வந்தார். தன் பையன் இழுக்கிற அந்த நூற்றில் ஒரு மூச்சு யாருடையது என்று தெரிய வேண்டும் என்றார். எந்தத் தெருப் பிள்ளையுடையது என்று கேட்க நினைத்து, அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் கேட்டார். தலைமையாசிரியர் லோகநாயகி டீச்சர் அவருக்கு மோர் கொடுத்து உட்கார வைத்தார்.

“உங்க பையன் விட்டதுதானுங்க சுத்திச் சுத்தி அவன்கிட்டயே வருது. வேற யாரும் அத வாங்கமாட்டேங்கறாங்க.”

அவர் மோரைக் குடிக்காமல் போனார்.

லோகநாயகி டீச்சர் யாரையும் விடமாட்டார். நான் அதிகம் பேசுவதில்லை. வெளியிலிருந்து யாராவது வந்தால் என்னைக் காட்டி, இந்தப் பள்ளிக்கூடத்தில் இரண்டு மெஷின் இருக்கிறது, அதில் ஒன்று அவ்வப்போது டிங் என்றாவது சத்தம் போடும் என்பார்.

நான்காம் வகுப்பு டீச்சர் சிந்துஜா என் மனைவி. நவம்பரில் இறந்துபோனாள். ஒரு காய்ச்சல் வந்தது. ஆறு நாள். அதே வாரம் அவள் வகுப்பில் ஒன்பது பிள்ளைகளுக்கு அதே காய்ச்சல். ஒன்பது பேரும் பிழைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு நான்காம் வகுப்பை லோகநாயகி டீச்சரே பார்த்துக்கொள்கிறார். இப்போது மார்ச். புதிதாகக் கட்டியிருக்கும் வாசிப்பு அறைக்குச் சிந்துஜாவின் பெயர். ஆண்டு விழாவில் திறக்கப் போகிறார்கள். பெயர்ப்பலகை எழுதி வந்து அலுவலகத்தில் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது.

திங்கட்கிழமை காலை லோகநாயகி டீச்சர் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். அன்று கிண்டல் எதுவும் இல்லை.

பள்ளியில் பரவிய நோயில் ஓர் உயிர் போனால், அது யாரிடமிருந்து கிளம்பியது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நவம்பரிலேயே நாடாக்களைச் சுருட்டிச் சென்னைக்கு அனுப்பியிருந்தேன். அங்கே வரிசை நீளம். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்திருக்கிறது. நான்காம் வகுப்பு. நவம்பர் முதல் வெள்ளிக்கிழமை, கடைசிப் பீரியட். பதினேழாம் இருக்கை. அந்த இருக்கையின் நாடாவில்தான் கிருமி முதலில், அதுவும் ஏராளமாக இருந்திருக்கிறது. காய்ச்சல் கண்ட ஒன்பது பேரும் அந்த இருக்கையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள். காற்றை மூக்கன் சுத்தம் செய்வான். பக்கத்துப் பெஞ்சில் முகத்துக்கு நேரே இருமினால் அதுவரை அவன் கை நீளாது.

பதினேழாம் எண் கனிஷ்காவுடையது. ஒன்பது வயது. அவளுக்கு அந்த வாரம் காய்ச்சலே வரவில்லை. அறிக்கை அதற்கும் ஒரு பெயர் வைத்திருந்தது. அறிகுறியற்ற மூலம்.

“இதுல நீங்க கையெழுத்துப் போடோணுமாமா?” என்று லோகநாயகி டீச்சர் கேட்டார்.

ஆமாம் என்றேன். கருவி சரியாக ஓடியது, அந்த இருக்கையில் அந்த மாணவிதான் இருந்தாள் என்று பராமரிப்பாளர் சான்று தர வேண்டும். புதன்கிழமை கூட்டம். போட்டால் அவள் திங்கள் முதல் டவுனில் உள்ள தனிக்காற்றுப் பள்ளிக்குப் போக வேண்டும். உடல்நல அட்டையில் சிவப்புக் கோடு விழும். பத்தாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பொதுவகுப்பிலும் உட்கார முடியாது.

தனிக்காற்றுப் பள்ளி பதினான்கு கிலோமீட்டர். அதுவும் என் பொறுப்புதான். நல்ல எண்ணத்தோடு கட்டியது. ஐந்து பிள்ளைகள், ஐந்து கண்ணாடி அறை, ஆளுக்கொரு காற்று. டீச்சர் ஒலிபெருக்கியில் பாடம் நடத்துவார். ஒரு பிள்ளை சிரித்தால் அடுத்த பிள்ளைக்குக் கேட்காது. எண் எப்போதும் சுழியம். நான் பார்க்கும் பள்ளிகளில் மிகச் சுத்தமான காற்று அங்கேதான்.

கனிஷ்காவின் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். காலை ஏழரைக்கு ஷிப்ட். டவுனுக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டால் வேலை இருக்காது. வேலைக்குப் போனால் பிள்ளையைக் கொண்டுபோய் விட முடியாது. அவர் திங்கட்கிழமையே ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டு வந்து லோகநாயகி டீச்சர் முன்னால் நின்றார். பர்மிஷன் முடிந்துவிட்டது என்று போய்விட்டார்.

அடுத்து செந்தாமரை வந்தார். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர். தையல் கடை வைத்திருக்கிறார். காய்ச்சல் வந்த ஒன்பது பேரில் அவருடைய மகன் பிரணவ் ஒருவன். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். முதல் சில நாள் நாங்கள் ஒரே நடையில் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பிறகு நான் எழுந்து வந்துவிட்டேன். எனக்கு அங்கே வேலை முடிந்துவிட்டது.

அவர் கெட்டவர் இல்லை. அந்தப் பிள்ளை பாவம், தெரியாமல் நடந்தது என்றுதான் ஆரம்பித்தார். ஆனால் அடுத்த மழைக்கு அவள் பக்கத்தில் யார் பிள்ளையை உட்கார வைப்பது என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

“கோவப்படறதுன்னா மொதல்ல நீங்கதானுங்க படோணும். என்ற பையனாவது திரும்பி வந்துட்டான்.”

எனக்குக் கோபம் வரவில்லை. வர வேண்டிய இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது.

மதியம் நான்காம் வகுப்பில் துளைகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கனிஷ்கா தட்டோடு வந்து நின்றாள். ஊரில் எந்தச் செய்தியும் பிள்ளைகளுக்குத்தான் முதலில் தெரியும்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் மூக்கன் உண்டா என்று கேட்டாள். ஐந்து உண்டு என்றேன். அதில் அவளுக்குக் கொஞ்சம் திருப்தி. ஆளுக்கு ஒன்றா என்றாள். ஆமாம்.

“எனக்கு முன்னாடி யாருங் சார் உக்காருவாங்க?”

“யாரும் இல்ல.”

“பின்னாடி?”

“யாரும் இல்ல.”

“அப்ப நான்தான் லீடருங்களா?”

பதினேழாம் துளையில் பஞ்சை விட்டுத் துடைத்தேன். அதில் ஒரு தூசியும் இல்லை. அவள் மட்டும்தான் தன் துளைக்குள் எதையும் திணிக்காத பிள்ளை.

செவ்வாய்க்கிழமை சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்தில் உள்ள சாமான் அறையில் உட்கார்ந்து அந்த வெள்ளிக்கிழமையின் பதிவைத் திறந்தேன். ஒவ்வொரு இருக்கையும் விட்ட காற்றின் அளவைப் பெட்டி குறித்து வைத்திருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் பார்க்க வேண்டும் என்பது விதி. வழக்கமாக யாரும் பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை.

ஒன்பது வயதுப் பிள்ளை சும்மா உட்கார்ந்திருந்தால் நிமிடத்துக்கு நாலரை லிட்டர் காற்று விடும். பதினேழாம் இருக்கை அன்று காலையிலிருந்து நாலரைதான் காட்டியது. கடைசிப் பீரியடில் மட்டும் எட்டு. எட்டு லிட்டர் என்பது பெரிய ஆள்.

குழாயை மாற்றி மாட்டியிருப்பேன் என்று நினைத்தேன். ஆசிரியர் மேசையிலும் ஒரு துளை உண்டு, அதன் பதிவைப் பார்த்தேன். சிந்துஜா மேசையில் உட்கார்ந்து பாடம் நடத்துகிறவள் இல்லை. பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பாள். அதனால் மேசை நாள் முழுக்கக் காலியாகத்தான் இருந்தது. கடைசிப் பீரியடில் அங்கே நாலரை லிட்டர். ஒரு பிள்ளை. நாற்பது நிமிடத்துக்கு மட்டும் எந்தக் குழாயும் மாறிக்கொள்ளாது.

அதற்கு முந்தைய வெள்ளியைத் திறந்தேன். கடைசிப் பீரியடில் பதினாறாம் இருக்கை எட்டு லிட்டர். அதற்கு முந்தைய வெள்ளி பதினைந்து. அதற்கு முன் பதினான்கு. ஜூன் மாதம்வரை பின்னால் போனேன். ஒன்றாம் இருக்கையிலிருந்து ஆரம்பித்து வாரத்துக்கு ஓர் இருக்கையாக ஒரு பெரிய மூச்சு வகுப்பறையைக் கடந்துவந்திருக்கிறது. பெஞ்சு பெஞ்சாக. பதினேழில் நின்றுவிட்டது.

அந்த வகுப்பறைக்குள் இருந்த பெரிய ஆள் ஒருத்திதான்.

பக்கத்தில் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தார்கள். நான் இருமினேன். தாளிப்புக்கு.

அவள் தினமும் பள்ளிக் கதை சொல்லுவாள். நான் போனைப் பார்த்துக்கொண்டு ம் என்பேன். இதையும் சொல்லியிருப்பாள். ம் என்றிருப்பேன்.

லோகநாயகி டீச்சரிடம் போய், வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் நான்காம் வகுப்பில் என்ன நடக்கும் என்று கேட்டேன். பாடத்திட்டக் குறிப்பில் நல்லொழுக்கம் என்று எழுதியிருக்கும், உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது, ஒரே சிரிப்புச் சத்தமாக இருக்கும் என்றார். எண்களைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டுப் பார்த்தார்.

“மெஷின் ரிப்பேருன்னு எழுதிருங்க தம்பி. ஒரு வரி. புள்ள தப்பிச்சுக்கும். சிந்துஜா பேரும் அப்படியே இருக்கும்.”

அப்படி எழுத முடியாது என்பதை அவருக்கு விளக்கினேன். என்னிடமிருந்து அவர் அவ்வளவு நீளமாகக் கேட்டதில்லை. ஒரு கருவி இருக்கையைத் தவறாகக் காட்டியது என்று எழுதினால், அதே வகைக் கருவி இருக்கும் எல்லாப் பள்ளியிலும் பெட்டியை நிறுத்தச் சொல்வார்கள். சோதித்து முடிக்க ஒரு வருடம் ஆகும். நடுவில் ஒரு மழைக்காலம் வரும். வருகைப் பதிவேட்டில் பழைய வெற்றிடங்கள் வரும். எல்லா வெற்றிடத்திலும் பிள்ளை திரும்பி வந்து உட்காராது.

அவர் சுவரில் சாய்ந்திருந்த பெயர்ப்பலகையைப் பார்த்தார். பிறகு எழுந்து, வாங்க, வகுப்பிலேயே கேட்டுவிடலாம் என்றார்.

நான்காம் வகுப்பில் பதினேழாம் இருக்கையில் நான் உட்கார்ந்தேன். கனிஷ்கா நகர்ந்து இடம் கொடுத்தாள். முழங்கால் பெஞ்சில் இடித்தது. சாதாரணமாக நான் ஏணியில் ஏறினாலே சிரிக்கிற வகுப்பு. யாரும் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் இங்கே யார் உட்கார்ந்தார்கள் என்று கேட்டேன்.

செந்தாமரையின் மகன் பிரணவ் எழுந்தான். அவன் மற்றவர்களை ஒரு பார்வை பார்த்தான். பிறகு எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள்.

“எங்களுக்கு ஞாபகம் இல்லீங் சார்.”

“ஏழாம் வாய்ப்பாட்ட ஒரு நாளாவது இத்தன ஒண்ணாச் சொல்லியிருக்கீங்களா?” என்றார் லோகநாயகி டீச்சர்.

அதற்கும் யாரும் சிரிக்கவில்லை. முப்பத்தொரு பேர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். சுவரில் மூக்கன் காட்டிய எண் இறங்கியது.

நான் பார்த்ததைச் சொன்னேன். டீச்சர் ஒன்றாம் எண்ணிலிருந்து பதினேழுவரை வந்தது எனக்குத் தெரியும் என்றேன். பிரணவ் உட்கார்ந்துவிட்டான். கனிஷ்காதான் பேசினாள், பெஞ்சைப் பார்த்துக்கொண்டு. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் வரிசைப்படி ஒரு பிள்ளை டீச்சராகும். டீச்சர் அந்தப் பிள்ளையின் இடத்தில் உட்கார்ந்து அந்தப் பிள்ளை மாதிரியே நடந்துகொள்வார். அரட்டை அடிப்பார். பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுவார். பிரணவ் முறையில் பென்சிலைக் கடித்தே துப்பினார். வெளியே சொல்லக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தார், ஆய்வுக்கு வருகிறவர்களுக்குப் பிடிக்காது.

ஏன் இப்போதுகூடச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா டீச்சர் பேர அந்த ரூமுல இருந்து எடுத்துருவாங்கல்லங் சார்.”

அவர்கள் ஓட்டெடுத்திருக்கிறார்கள். கனிஷ்கா போவதா, டீச்சர் பெயர் போவதா என்று. கனிஷ்காவும் ஓட்டுப் போட்டிருக்கிறாள். முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று.

புதன்கிழமை கூட்டம் அலுவலகத்தில் நடந்தது. நானும் லோகநாயகி டீச்சரும் செந்தாமரையும். மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி திரையில் இருந்தார்.

எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். கருவி சரியாக ஓடியது. பதினேழாம் இருக்கையில் அந்தப் பீரியடில் இருந்தவர் மாணவி அல்ல, ஆசிரியர் சிந்துஜா. ஒன்பது பிள்ளைகளுக்கும் காய்ச்சல் அவரிடமிருந்து வந்தது. அவருக்கு அது என்னிடமிருந்து வந்தது.

கடைசி வரிக்கு ஆதாரம் என்ன என்று அதிகாரி கேட்டார். அந்த வாரம் திங்கட்கிழமை வேறொரு பள்ளியில் அடைத்துக்கொண்ட குழாயைச் சரிசெய்யப் போனேன். அங்கே பல பிள்ளைகளுக்குக் காய்ச்சல். குழாய் அடைத்திருக்கிறதா என்று நாங்கள் வாயால் உறிஞ்சிப் பார்ப்போம். கூடாது என்று பயிற்சியில் சொல்வார்கள். அதற்கென்று ஒரு ரப்பர் பம்பும் தருவார்கள். எல்லோரும் வாயைத்தான் வைப்போம், அதுதான் சீக்கிரம். செவ்வாய்க்கிழமை எனக்கு இருமல். வியாழக்கிழமை சரியாகிவிட்டது. எங்கள் வீட்டில் இந்தப் பெட்டி இல்லை.

செந்தாமரை என் பக்கம் திரும்பினார். நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். அது நியாயம்தான்.

“என்ற பையனுக்கு இது தெரியுமுங்களா?”

டீச்சர் அங்கே உட்கார்ந்தது தெரியும் என்றேன். வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

“நாலு மாசமா எங்கிட்ட வாயத் தெறக்கல அவன்” என்றார். கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

திரையில் அதிகாரி வேறு சிக்கலில் இருந்தார். படிவத்தில் மூலம் என்ற கட்டத்தில் மாணவர் சேர்க்கை எண் போட வேண்டும். எண் இல்லாமல் அது மூடாது. மூடாவிட்டால் கோப்பு முடியாது. ஆசிரியர் மூலமாக இருப்பார் என்று படிவம் செய்தவர்கள் யோசிக்கவில்லை. தற்காலிகமாக அந்த மாணவியின் எண்ணையே போட்டுவைக்கலாமா, பிறகு திருத்திக்கொள்ளலாம் என்றார். அவர் அவசரத்தில் சொன்னார். அரசாங்கத்தில் தற்காலிகம் என்பது எத்தனை வருடம் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

செந்தாமரைதான் கேட்டார், நான் எந்தப் பள்ளியில் படித்தேன் என்று. இதே பள்ளிதான் என்றேன். ஐந்தாவதுவரை.

“அப்ப இவருக்கும் ஒரு நம்பர் இருக்குமில்லீங்க டீச்சர்?”

லோகநாயகி டீச்சர் பீரோவைத் திறந்து பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தார். பூச்சி பறந்தது. என் எண் நான்கு இலக்கம்தான். முன்னால் சுழியங்களைப் போட்டுக் கட்டத்தில் அடித்தார். படிவம் ஏற்றுக்கொண்டது. அதிகாரி நன்றி சொல்லிவிட்டுத் திரையிலிருந்து போனார்.

அடுத்த நிமிடம் என் போனுக்கு உத்தரவு வந்தது. மாணவர் நவநீதன், வயது முப்பத்து மூன்று, வரும் திங்கள் முதல் தனிக்காற்றுப் பள்ளியில் பயில வேண்டும். பெற்றோர் ஒத்துழைக்கவும்.

“மறக்காம டிபன் பாக்ஸ் எடுத்துட்டுப் போங்க தம்பி” என்றார் லோகநாயகி டீச்சர். செந்தாமரை சிரித்துவிட்டார். சிரித்ததற்காக என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். போகும்போது பெயர்ப்பலகையைச் சுவரிலிருந்து திருப்பி, தூசியைத் தன் முந்தானையால் துடைத்து, முன்பக்கம் தெரிகிற மாதிரி வைத்துவிட்டுப் போனார்.

நான்கு மணிக்குக் கனிஷ்காவைத் தேடிப் போனேன். அவள் நான்காம் வகுப்பு வாசலில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா ஷிப்ட் முடிந்து வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. நீ எங்கேயும் போக வேண்டாம், டீச்சர் பெயரும் இருக்கும் என்றேன். குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள்.

“இல்லீங் சார். நான்தான்.”

நீ இல்லை, கருவியே சொல்லிவிட்டது என்றேன். அவள் தலையை ஆட்டினாள். கருவிக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. அதை அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் டீச்சர். நாற்காலியில் உட்கார்ந்து, பிரம்பைத் தட்டி, பாடம் நடத்தினாள். சிந்துஜா பதினேழாம் இருக்கையில் இருந்தாள். பாதியில் கையைத் தூக்கினாள். டீச்சர், தலை வலிக்குது, மேலெல்லாம் சுடுது, வீட்டுக்குப் போகட்டுங்களா என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. ஏனென்றால் ஏழாம் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னால் கனிஷ்கா எப்போதும் சொல்வது அதுதான். டீச்சர் தன்னை மாதிரியே நடிக்கிறார் என்று அவள் நினைத்தாள். சிந்துஜா அவளுக்கு வழக்கமாகச் சொல்வதை அவள் சிந்துஜாவுக்குத் திருப்பிச் சொன்னாள்.

“நடிக்காத, உக்காரு, ஏழாம் வாய்ப்பாடு முடிச்சுட்டுப் போ அப்படின்னேனுங் சார். டீச்சர் உக்காந்துட்டாங்க. முழுசும் சொன்னாங்க. நான் போகச் சொல்லியிருந்தா ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாங்க.”

இதை அவள் ஓட்டெடுப்பில் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. கண்ணாடி அறைக்குப் போவது சரிதான் என்று மூன்று நாளில் முடிவு செய்துகொண்டிருக்கிறாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். அவளுக்கு வரவில்லை. எனக்குத் தெரிந்த முகம் அது.

அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். நாற்பது நிமிடத்தில் எதுவும் மாறியிருக்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதைச் சொன்னேன். அது உண்மை. அவள் அதைக் கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை.

“டீச்சருக்கு எம்மேல கோவமுங்களா சார்? கடைசியா ஏதாச்சும் சொன்னாங்களா?”

இரங்கல் கூட்டத்தில், மாணவச் செல்வங்களே என் மூச்சு என்று சிந்துஜா கடைசியாகச் சொன்னதாக ஒருவர் பேசினார். அது அவராக எழுதியது. நான் திருத்தவில்லை. அவள் உண்மையில் சொன்னதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்படி அது இல்லை. காய்ச்சலில் எதையோ பேசுகிறாள் என்றுதான் நினைத்தேன். ஆக்ஸிஜன் முகமூடியை மாட்டுவதற்குச் செவிலியர் வந்தபோது அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். மூச்சு வாங்கியது. சிரிப்பை அடக்குகிற முகம். யாரைப் பற்றிச் சொன்னாள் என்று இந்தப் படியில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிகிறது.

கனிஷ்காவிடம் அதை அவள் சொன்ன மாதிரியே சொன்னேன்.

“வெள்ளிக்கிழம லீவு கேட்டேங்க. குடுக்கவே இல்ல அவ. நல்ல டீச்சரா வருவா, பாருங்க.”